வெளிநாட்டு உதவியால் வன்னிக்குக் கைத்தொழில் வருமா?

விசுவமடுப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஏழை நாடுகளில் நிலைபேறான கைத்தொழில் அபிவிருத்தி என்று ஐ.நா.வும் வெளிநாடுகளும் ஐம்பது அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அதனால் எங்காவது உருப்படியாக ஏதும் நடந்ததா? எங்கள் நெல்லும் கச்சானும் இன்னும் மூட்டையாகத்தானே லொறி ஏறுகின்றன? வன்னிக்கு இதில் ஏதும் இருக்கிறதா, இல்லை வேறு வேலையைப் பார்க்கலாமா?"

நடந்திருக்கிறது தம்பி. ஆனால் மேடையில் சொன்ன இடங்களில் அல்ல. நான் பார்த்த அளவில், வெளி உதவி நன்றாக வேலை செய்தது பரிசோதனைக் கூடம், பயிற்சி, கழிவுநீர், பொதுவான விதிமுறை போன்ற, யாரும் நின்று படம் எடுக்காத விஷயங்களில்தான். கட்டடமும் இயந்திரமும் கொடுத்து "இனி நீங்கள் தொழிலதிபர்" என்று சொன்ன இடங்களில் அது பெரும்பாலும் தோற்றது. வன்னியில் உங்களுக்கு அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. உதவி செய்தவரின் சின்னம் போட்ட பெயர்ப்பலகையும் பூட்டிய கதவுமாக எத்தனை கட்டடங்கள் முறிகண்டிக்கு அங்காலும் இங்காலும் நிற்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964இல் வளர்முக நாடுகள் 77 ஓர் அணியாகச் சேர்ந்தன. இலங்கையும் அதில் இருந்தது. தேயிலை, இறப்பர், பருத்தி என்று மூலப்பொருளை மலிவாக விற்றுவிட்டு அதிலிருந்து செய்த பொருளை நாங்களே விலை கொடுத்து வாங்குகிறோம், இது மாற வேண்டும் என்பதுதான் அவர்களின் முறைப்பாடு. (உங்கள் நெல் மூட்டைக் கேள்வியும் அதேதான். நாடுகளுக்கு நடுவே இருந்த கணக்கு இப்போது மாவட்டங்களுக்கு நடுவே இருக்கிறது.) அந்த அழுத்தத்தில் 1966 நவம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை, கைத்தொழில் அபிவிருத்திக்கென்றே தனி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. யுனிடோ என்று சொல்கிறோமே, அதுதான். தலைமையகம் வியன்னாவில். 1975இல் பெரு நாட்டின் லீமாவில் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் உலகக் கைத்தொழில் உற்பத்தியில் 25 சதவீதம் வளர்முக நாடுகளிடம் இருக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். அப்போது அது ஏறக்குறைய 7 சதவீதம்.

அந்தத் திசையில் உண்மையாக ஓடிக் காட்டியவை தென்கொரியாவும் தைவானும், பிறகு சீனாவும். ஆபிரிக்காவின் பெரும்பகுதி நின்ற இடத்திலேயே நின்றது. ஓடிய நாடுகளும் லீமாப் பிரகடனத்தைப் பார்த்து ஓடவில்லை. உள்ளூர்த் தொழிலுக்கு இறக்குமதி வரியால் வேலி போட்டன, அரச வங்கியிலிருந்து மலிவுக் கடன் கொடுத்தன, ஏற்றுமதி செய்து காட்டாதவனுக்குக் கடனை நிறுத்தின, வெளிநாட்டு நிறுவனம் வந்தால் உள்ளூர்ப் பாகங்களைத்தான் வாங்க வேண்டும் என்று விதி போட்டன. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு இவற்றில் சில, குறிப்பாக அந்த உள்ளூர்ப் பாக விதி, ஒப்பந்தப்படி செல்லாது. பணக்கார நாடுகள் ஒரு கையால் கைத்தொழில் உதவி கொடுத்து, மறு கையால் அதற்கு வேண்டிய ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டன என்பது என் அபிப்பிராயம். இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் அதிகம் பேர் ஏற்கெனவே தொழில்மயமான நாட்டுக்காரர்கள்.

2013இல் மீண்டும் லீமாவில் கூடினார்கள். இந்தமுறை எல்லோரையும் உள்வாங்கும், சூழலைக் கெடுக்காத கைத்தொழில் என்று இலக்கை மாற்றி எழுதினார்கள். 2015இல் ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் வந்தபோது ஒன்பதாவது இலக்காக அது உட்கார்ந்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளில் கைத்தொழிலின் பங்கை 2030க்குள் இரட்டிப்பாக்குவது அதில் ஒரு பகுதி. அந்த நாடுகளில் உலக மக்களில் ஏழில் ஒருவர் அளவுக்கு வாழ்கிறார்கள். உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் அவற்றின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. இரட்டித்தாலும் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. 2019இல் உலக வங்கி எங்களை உயர் நடுத்தர வருமான நாடு என்றுகூடச் சொன்னது. அடுத்த வருடமே இறக்கிவிட்டது, 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது, அது வேறு கதை. ஆனால் இந்தத் தரப்படுத்தலெல்லாம் நாட்டுச் சராசரியை வைத்து. கொழும்பையும் கம்பஹாவையும் முல்லைத்தீவோடு கூட்டி வகுத்தால் முல்லைத்தீவு காணாமல் போய்விடும். 2009இல் போர் முடிந்த பிறகு சில வருடங்கள் வன்னிக்கு வந்த பணம் மீள்குடியேற்றத்துக்கான பணம். அந்தத் தலைப்பு மூடப்பட்டதும் அதுவும் வற்றியது. கைத்தொழிலுக்கென்று வந்தது அதில் சிறிய பங்குதான். இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் 2025 நடுப்பகுதியோடு இல்லாமலே போய்விட்டது. யுனிடோவை விட்டு அமெரிக்கா 1996இலேயே வெளியேறியது. ஆஸ்திரேலியா, பிரித்தானியா, பிரான்சு எல்லாம் பின்னாலே போயின. அந்த அமைப்பிடம் தொழிற்சாலை கட்டிக் கொடுக்கும் அளவுக்குக் காசு ஒருபோதும் இருந்ததில்லை.

சரி, நடந்தவற்றுக்கு வருகிறேன்.

கிளிநொச்சியில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் எந்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், பழைய ஆர்-12 வாயு இப்போது கிடைக்காது என்பார்கள். ஓசோன் படலத்தைக் காப்பதற்காக 1987இல் மொன்றியலில் செய்த ஒப்பந்தத்தின் விளைவு அது. அந்த வகை வாயுக்களை வளர்முக நாடுகள் 2010 தொடக்கத்தோடு நிறுத்தின. ஏசியில் போடும் ஆர்-22ஐ 2030இல் நிறுத்த வேண்டும். ஒப்பந்தம் போட்டதோடு விட்டிருந்தால் ஏழை நாடுகள் கையெழுத்தே போட்டிருக்காது. 1990இல் பணக்கார நாடுகள் ஒரு பொது நிதியத்தை உருவாக்கி, பழைய இயந்திரத்தை மாற்றும் செலவையும் திருத்துநர்களுக்கான பயிற்சியையும் தாங்களே ஏற்றன. யுனிடோ, உலக வங்கி, ஐ.நா.வின் வேறு இரண்டு அமைப்புகள் அந்த வேலையைச் செய்தன. தெளிவான கெடு, அதற்கான காசு, எல்லோருக்கும் ஒரே விதி. சர்வதேச முயற்சி என்றால் எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அடுத்தது தோல். தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிட்டு உலகத்துக்கே செருப்பு அனுப்பும் ஊர்கள். பாலாற்றையும் கிணறுகளையும் உப்பும் குரோமியமுமாகக் கெடுத்த ஊர்களும் அவையே. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிறிய தோல் ஆலை ஒவ்வொன்றும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்க முடியாது. அதனால் பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கும் முறை வளர்ந்தது. தொழில்நுட்ப ஆலோசனையும் பயிற்சியும் கொடுத்ததில் யுனிடோவுக்குப் பங்கு உண்டு. ஆனால் நீதிமன்றத்தின் பிரம்பு இல்லாமல் அந்த ஆலோசனை மட்டும் போயிருந்தால் கோப்பில்தான் கிடந்திருக்கும். பிரச்சினை முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது என்று இன்னும் தடுமாறுகிறார்கள். 2015இல் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் செத்தார்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே ஊர்களின் கழிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இலங்கையிலும் 2002இல் யுனிடோவின் துணையோடு தேசிய தூய உற்பத்தி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். ஆலைக்குள் போய் எங்கே நீராவி ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் வீணாகிறது, எந்த மோட்டார் தேவைக்கு மேலே பெரிது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. சுவாரசியமில்லாத வேலைதான். ஆனால் முதலாளியின் கையில் காசு மிஞ்சுவதால் அவனே அதைக் கேட்டுச் செய்கிறான், மானியம் முடிந்த பிறகும் தொடர்கிறான்.

எதியோப்பியாவையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் போர் முடிந்த இடங்களுக்கு எல்லோரும் காட்டும் மாதிரி அதுதான். 2016இல் ஹவாசாவில் பெரிய ஆடைப் பூங்கா திறந்தார்கள். சாயக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு, உலகப் பெயர்பெற்ற நிறுவனங்கள், பல்லாயிரம் பெண்களுக்கு வேலை. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டொலர் அளவில் இருந்தது. அந்தச் சம்பளத்தில் வாழ முடியாமல் பிள்ளைகள் வந்த வேகத்திலேயே விலகிப் போனார்கள். 2020 நவம்பரில் அந்த நாட்டின் வடக்கே திக்ரேயில் போர் மூண்டது. மனித உரிமையைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்கா வரிச்சலுகையை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே முக்கியமான நிறுவனம் ஒன்று மூட்டை கட்டிவிட்டது. தண்ணீர் சுத்தம், கட்டடம் சுத்தம், ஆனால் முழுத் தொழிலும் வெளியூர்க்காரர் ஒருவரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் இது புதிதல்ல. ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகை 2010இல் போய் 2017இல் திரும்பி வந்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போருக்குப் பிறகு வந்த கார்மென்ட் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளம் அந்தச் சலுகையோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண் துணையில்லாத எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். ஆனால் துணியும் நூலும் பொத்தானும் கொள்கலனில் வந்து, தைத்த சட்டை கொள்கலனில் போகிறது. வன்னி அதில் கொடுப்பது உழைப்பு மட்டும். அந்தத் தொழிலைச் சுற்றி வேறு தொழில் முளைக்காது.

உங்கள் நெல்லுக்கு வருவோம்.

காலபோக அறுவடை நேரம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போனால் பாதி வீதியில் நெல் காயும். வெட்டு மெஷின் வயலை ஒரே நாளில் வெட்டித் தந்துவிடும், ஆனால் அப்படி வெட்டிய நெல்லில் ஈரம் 20, 22 சதவீதம் இருக்கும். களஞ்சியத்தில் வைக்க 14க்குக் கீழே வர வேண்டும். மழை மேகம் ஒன்று தெரிந்தால் போதும், குடும்பமே படங்கை இழுத்துக்கொண்டு ஓடும். வியாபாரி வருவான். ஈரமானியைக் குத்துவான், முகத்தைச் சுளிப்பான், மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்பான். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல் 14க்குக் காய்ந்தால் 91 கிலோ அளவில் நிற்கும். 9 கிலோ குறைத்தால் அது நியாயம். பன்னிரண்டு பதினைந்து என்று வெட்டும்போதும் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறோம். கடன்காரன் படலையில் நிற்கிறான், நெல் வைத்திருக்க இடமில்லை, காயவைக்க வெயிலில்லை. அந்த நெல் பொலநறுவைக்குப் போய் அரிசியாகி, பளபளக்கும் பையில் கிளிநொச்சிக் கடைக்கே திரும்பி வருகிறது.

இந்த இடத்தில் உதவிக்காரர் ஒருவர் வந்தால் என்ன கொடுப்பார்? ஓர் அரிசி ஆலை. திறப்பு விழா, மாலை, நாடா. இரண்டு போகம் ஓடும். அப்புறம் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிறுவனம் கொடுத்த ஆலையின் கணக்குப் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் ஒரு குறையுமில்லை. அறுவடை நேரத்தில் நெல் வாங்கிச் சேமிக்கக் கையில் காசில்லை, அவ்வளவுதான். அரிசி ஆலையின் முழுச் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. ஆறு வாரத்துக்குள் முழு வருடத்துக்கான நெல்லையும் காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். பொலநறுவையின் பெரிய ஆலைக்காரர் வலுவாக நிற்பது அவர்களின் வங்கிக் கடன் வசதியால், பிறகுதான் இயந்திரத்தால். உதவித் திட்டத்தில் நடைமுறை மூலதனத்துக்கு இடமே இருக்காது. அது காசாகப் போய்விடும், பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பது காரணம். மேலே கேட்டால் "நிலைத்திருக்கும் தன்மையை உறுதிசெய்ய" என்று ஏதோ சொல்வார்கள்.

ஆகவே ஆலையைக் கேட்காதீர்கள், உலர்த்தியைக் கேளுங்கள். உமியில் எரியும் உலர்த்தி. இது நான் கண்டுபிடித்ததல்ல, ஆசியாவின் நெல் நாடுகளில் சாதாரணமாகப் பாவிப்பதுதான். 100 கிலோ நெல்லைக் குத்தினால் 20 கிலோ உமி வரும். அதே நெல்லைக் காயவைக்க, அடுப்பின் வீணையும் சேர்த்தால்கூட, 5, 6 கிலோ உமி போதும். மிச்ச உமி நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் போகும். டீசல் வேண்டாம், விறகுக்குக் காட்டுக்குப் போக வேண்டாம். நிலைபேறான கைத்தொழில் என்று வியன்னாவில் எழுதிவைத்தது இந்த ஊரில் இப்படித்தான் இருக்கும். கூலிக்குக் காயவைத்துக் கொடுங்கள். நெல் விவசாயியுடையது, உங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூலி. நெல் வாங்க மூலதனம் தேவையில்லை. காய்ந்த நெல் ஒரு மாதம் பொறுத்து நிற்கும், அந்த ஒரு மாதத்தில் விலை ஏறும், வியாபாரியிடம் பேரம் பேச விவசாயிக்கு முதுகெலும்பு வரும். ஆலை அதற்குப் பிறகு தானாக வரட்டும்.

தவிட்டைப் பற்றியும் கேட்பார்கள், தவிட்டெண்ணெய் செய்யலாமே என்று. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு என்பது சரி. ஆனால் குத்திய சில மணி நேரத்திலேயே அது கெடத் தொடங்கும். சூடாக்கி நிலைப்படுத்தும் இயந்திரமும், பல ஆலைகளின் தவிட்டை அன்றன்றே சேர்க்கும் ஏற்பாடும் வேண்டும். ஒரு சங்கத்தால் முடிகிற காரியமல்ல. இப்போதைக்கு மாட்டுக்கும் கோழிக்கும் போகட்டும்.

கச்சான் வேறு வகைப் பிரச்சினை. முல்லைத்தீவு மணலில் விளையும் கச்சானுக்கு ருசியில் பெயர் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனமே வாங்குவார்கள், ஏன் அனுப்ப முடியவில்லை? அஃப்லாரொக்சின் என்ற பூஞ்சை நஞ்சுதான் காரணம். பிடுங்கிய கச்சான் ஈரத்தோடு குவிந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும். நேரே சாப்பிடும் கச்சானில் ஐரோப்பிய ஒன்றியம் விடும் அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். கண்ணால் பார்த்து இது தெரியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் அறிக்கை வேண்டும், அதற்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், சிறு வியாபாரியின் இலாபம் அந்தச் செலவிலேயே போய்விடும். யுனிடோ போன்ற அமைப்புகள் பல நாடுகளில் உருப்படியாகச் செய்த வேலை இந்த இடத்தில்தான்: ஆய்வுகூடம் அமைப்பது, அதன் அறிக்கையை மற்ற நாடு நம்பும்படி அங்கீகாரம் எடுத்துக் கொடுப்பது, தராசும் வெப்பமானியும் சரியா என்று பார்க்கும் முறையை நிறுவுவது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னாலும் இப்படியான நீண்ட தரக்கட்டுப்பாட்டு வேலை உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. பக்கத்திலேயே 2016இல் ஜெர்மனியின் உதவியில் திறந்த தொழிற்பயிற்சி நிறுவகம். (அது இன்னும் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். பயிற்சிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.) வடக்கின் உணவுப் பொருளுக்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் ஒன்று அங்கே இருந்தால், பத்து ஆலைக் கட்டடம் கொடுத்ததை விடப் பெரிய உதவி. கேட்க வேண்டியது மாகாண நிர்வாகமும் பல்கலைக்கழகமும். ஆனால் சங்கங்கள் சேர்ந்து கடிதம் எழுதினால்தான் அது அசையும்.

இனித் தண்ணீர். வன்னியில் எந்தக் கைத்தொழிலைப் பற்றிப் பேசினாலும் இதில் வந்து முட்டும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தும், இங்கத்தைய விவசாயிகள் மறுத்ததால் அது வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள். குடிக்கவே பங்கு போட முடியாத தண்ணீரைச் சாய ஆலைக்குக் கொடுக்க முடியாது. நிலத்தடி நீரைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இருக்கிறது. மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் இறங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. கிணறு தீர்ப்பால் சுத்தமாகிவிடாது.

பரந்தனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை வன்னியின் பழைய பெரிய கைத்தொழில்களில் ஒன்று. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். சவர்க்காரத்துக்கு ஒன்று, குடிநீரைச் சுத்தம் செய்ய மற்றது. 1980களின் நடுவில் போரோடு நின்றது. இன்றைக்கு நாடு குளோரினை இறக்குமதி செய்கிறது. ஒட்டுசுட்டான் ஓட்டு ஆலைக்கும் இதே போன்ற கதை. பரந்தனில் நான் பார்க்கும் விசேஷம், அங்கே தொழிலுக்குக் காரணம் மண்ணிலேயே இருந்தது: உப்பு பக்கத்தில், சந்தை நாட்டுக்குள்ளே. யாருடைய வரிச்சலுகையும் தேவைப்படவில்லை.

இப்போது மாங்குளம், பரந்தன், காங்கேசன்துறை மூன்றிலும் முதலீட்டு வலயம் என்று அரசு சொல்கிறது. ஆனையிறவில் 2025இல் மேசை உப்பு ஆலையும் திறந்தாயிற்று. பரந்தனில் மறுபடி குளோரின் செய்வதென்றால் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஒன்று மின்சாரம். புதிய சவ்வு முறையில்கூட ஒரு தொன் எரிசோடாவுக்கு 2,200 முதல் 2,500 அலகு வரை மின்சாரம் வேண்டும். இன்றைய கட்டணத்தில் அது நிற்காது. பூநகரி, மன்னார்க் காற்றிலிருந்து வரும் மின்சாரத்தை ஒப்பந்தம் போட்டு நேரே வாங்கினால் பேசலாம். ஆனால் மன்னார்ச் சனம் காற்றாலைகளை ஏன் எதிர்க்கிறார்கள் என்பதையும் அப்போது கேட்டுத் தீர வேண்டும். கேட்காமல் கட்டினால் அது சூழலுக்கு நல்லதாக இருந்தும் ஊருக்குக் கெட்டதாகும். மற்றது பாதரசம். உலகத்தில் பழைய குளோரின் ஆலைகள் பல பாதரசத்தை வைத்து ஓடியவை. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை அந்த முறைக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது. அப்படி எங்கோ மூடிய ஆலையின் இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கப்பலில் ஏற்றக்கூடும். இப்படியானதைத் தடுக்கத்தான் அந்த உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. வாசித்து வைத்திருக்க வேண்டியவர்கள் மாவட்டச் செயலகத்திலும் இருக்க வேண்டும், ஊரிலும் இருக்க வேண்டும்.

மேலிருந்து வரும் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்று 2021இல் பார்த்தோம். இயற்கை விவசாயம் என்று ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெறும்போது காலபோகப் பயிர் மஞ்சளாகி நின்றது. மண்ணை மாற்றப் பல போகம் வேண்டும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், கேட்கத்தான் ஆளில்லை. கைத்தொழிலிலும் பசுமை என்ற பெயரில் இப்படி வரலாம்.

உங்கள் சங்கத்துக்கு வருகிறேன். உதவிக்காரர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் போன இரண்டு காலபோகத்துக்கும் கணக்கு எழுதுங்கள்: உங்கள் அங்கத்தவர்களின் நெல் எத்தனை மூட்டை, எந்தத் தேதியில், என்ன ஈரத்தில், என்ன விலைக்குப் போனது, கழிவென்று எத்தனை கிலோ வெட்டினார்கள், அடுத்த மாதம் அதே நெல்லின் விலை என்ன. இது ஒரு கொப்பியில் அடங்கும். உலர்த்தி எத்தனை தொன் கொள்ளவேண்டும், கூலி எவ்வளவு வைக்கலாம், எத்தனை போகத்தில் செலவு திரும்பும் என்பதெல்லாம் அந்தக் கொப்பியிலிருந்து வரும். அதை வைத்து நான் சொன்ன கணக்குப் பிழை என்று தெரிந்தால் உலர்த்தியையும் கேட்காதீர்கள்.

கேட்பதென்று முடிவானால், ஒப்பந்தத்தில் மூன்று காரியம் இருக்கட்டும். உதிரிப்பாகம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்கும் இயந்திரமாக இருக்க வேண்டும். அறிவியல் நகரில் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு அதைக் கழற்றிப் பூட்டும் பயிற்சி கொடுக்க வேண்டும். விலையில் ஒரு பங்கைச் சங்கமே கடனாக எடுத்துக் கட்ட வேண்டும். மூன்றாவதைக் கேட்டு அங்கத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்பார்கள். சொந்தக் காசு போட்ட இயந்திரம் பழுதானால் அடுத்த நாளே மெக்கானிக் வருவான். தானமாக வந்தது பழுதானால் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். பூட்டிய கட்டடங்களில் பாதி அப்படிக் காத்திருந்தவைதான்.